டார்ச்சர் என்றால் எத்தனை கிலோ?

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் திங்கட்கிழமை காலையில் போயிருக்கிறீர்களா? மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுதித் தருகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் வியாபாரம். மடியில் ஒரு பரீட்சை அட்டை, ஒரு கட்டு வெள்ளைத்தாள், சட்டைப்பையில் இரண்டு பேனா, அவ்வளவுதான் முதலீடு. பட்டாவில் அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்த விவகாரத்துக்காக நானும் ஒரு திங்கட்கிழமை அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா. அறுபதைத் தாண்டியிருக்கும்.

“இன்னாம்மா விஷயம்?”

“புள்ள டார்ச்சர் பண்றான்யா.”

பேனா நின்றது. “டார்ச்சர்னா? அடிக்கிறானா?”

“அடிக்கலாம் மாட்டான்.”

“குடிச்சிட்டு வந்து பேசறானா?”

“குடியும் கெடையாது. வீட்ட எழுதிக் குடு, எழுதிக் குடுன்னு ஒரே டார்ச்சர்.”

“சோறு போடறாங்களா?”

அந்த அம்மா ரோட்டைப் பார்த்தார். “போடுவாங்க. போடவும் மாட்டாங்க.”

மனு எழுதுபவர் ‘தொல்லை கொடுத்து வருகிறார்’ என்று எழுதினார். பார்த்தார். அடித்தார். மேலே ‘மன உளைச்சலுக்கு ஆளாக்கி’ என்று சேர்த்தார். அதுவும் போதவில்லை போலிருக்கிறது. புதுத் தாள் எடுத்து ‘என்னைத் துன்புறுத்தி வருகிறார்’ என்று ஆரம்பித்தார். வாயிலிருந்து வந்தது ஒரே இங்கிலீஷ் வார்த்தை. தாளில் அதற்கு மூன்று தமிழ் வார்த்தைகளை நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றும் மூன்று எடை. தொல்லை என்று எழுதினால் மேஜையிலிருந்து மேஜைக்குப் போய்க்கொண்டே இருக்கும். துன்புறுத்தல் என்றால் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். இன்னும் ஒரு படி ஏறிக் கொடுமை என்று எழுதிவிட்டால் ‘என்ன கொடுமை, எப்போது, சாட்சி யார்’ என்று கேள்வி வரும்.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பதால் எனக்குப் பட்டா மறந்துபோனது. டார்ச்சர், டென்ஷன், இரிடேட், டிஸ்டர்ப் எல்லாம் நம் வாயில் இப்படிப் புரள்கின்றனவே, தமிழில் இதற்கு வார்த்தை இல்லாத குறையா?

குறையே கிடையாது. அடுத்தவனை நோகடிப்பதற்குத் தமிழில் இருக்கிற வார்த்தைகளைப் பார்த்தால் நாம் அதிலேயே பெரும்பொழுது கழித்த இனமோ என்று தோன்றும். முக்கியமான வார்த்தைகள் எல்லாம் உடம்பிலிருந்து வந்தவை. எரிச்சல் முதலில் கண்ணுக்கும் வயிற்றுக்கும் புண்ணுக்கும் உரியது, அப்புறம்தான் மனசுக்கு. கடுப்பும் அப்படித்தான்: நீர்க்கடுப்பு, வயிற்றுக்கடுப்பு, பிறகு ‘அவனைப் பார்த்தாலே கடுப்பாகுது’. குடைச்சல் மூட்டில் வரும். அது ஆபீசில் வந்தால் ‘மேனேஜர் குடைச்சல் கொடுக்கிறார்’. கை கால் உளைச்சல் மனசுக்கு ஏறி மன உளைச்சல் ஆகி, இன்றைக்கு நுகர்வோர் வழக்குத் தீர்ப்புகளில் இத்தனை ஆயிரம் ரூபாய் இழப்பீடு என்று விலையும் பெற்றிருக்கிறது. இவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஆயுதப் பெட்டியே இருக்கிறது: அறுவை, ரம்பம், பிளேடு, கழுத்தறுப்பு. அறுக்கிறவன் கையில் இருப்பது கூர்மையில்லாமல் போனால் மொக்கை. ஒருவன் சும்மா பேசிக்கொண்டிருப்பதற்கு இத்தனை வெட்டுக் கருவிகளா என்று வெளியூர்க்காரர் பயப்படலாம்.

வெளியிலிருந்து வார்த்தை எடுப்பதும் நமக்குப் புதிதில்லை. இம்சை, உபத்திரவம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை. உபத்திரவம் பல இடங்களில் மங்கிவிட்டாலும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஜெபத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தொந்தரவு என்று நாம் சொல்வதற்குக் கன்னடத்தில் ‘தொந்தரெ’ என்று கிட்டத்தட்ட அதே பொருளில் ஒரு சொல் உண்டு. ஆந்திர எல்லையைத் தாண்டிச் சித்தூர் பக்கம் போனால் தெலுங்கில் ‘தொந்தர’ என்றால் அவசரம். அவசரப்படுத்துவதும் ஒரு தொந்தரவுதானே என்று நானாகச் சமாதானம் செய்துகொண்டேன்.

எனக்குப் பிடித்தது பேஜார். பாரசீகத்தில் ‘பேஸார்’ என்றால் சலித்துப்போன, வெறுத்துப்போன என்று பொருள். அது இந்துஸ்தானி வழியாகத் தெற்கே இறங்கியது. ஆற்காட்டில் நவாபுகள் உட்கார்ந்து கர்நாடகத்தை ஆண்ட காலத்தில் நிர்வாகத்தின் மொழி பாரசீகம். தாசில்தார், ஜமாபந்தி, ஜப்தி, தாக்கல் எல்லாம் நமக்கு வந்தது அந்த மாதிரிக் கச்சேரிகள் வழியாகத்தான். கச்சேரி வார்த்தைகள் தாளில் நின்றுவிட்டன. பேஜார் தெருவுக்கு வந்துவிட்டது. எங்கள் பாட்டிக்கு டென்ஷன் தெரியாது. ‘பேஜார் பண்ணாம போடா’ தெரியும். இன்றைக்கு டென்ஷன் செய்கிற வேலையை அன்றைக்கு வட ஆற்காட்டில் பேஜார் செய்தது. அதற்கும் முன்னால் இம்சை செய்திருக்கும். ஆட்சி மொழி எதுவோ அதிலிருந்து கோபத்துக்கு ஒரு வார்த்தை இரவல் வாங்குவது நமக்கு வழக்கம் போலிருக்கிறது.

ஆனால் வாங்கிய விதத்தில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சமஸ்கிருதத்திலிருந்து வினை வந்த காலத்தில் தமிழ் அதைத் தன் ஆலையில் போட்டு அரைத்தது. கடைசியில் ஒரு ‘இ’ ஒட்டினால் தமிழ் வினை தயார்: சிந்தி, யோசி, தண்டி, நிந்தி, ரசி, இம்சி. பிறகு அது சொந்த வினை மாதிரியே நிந்தித்தான், நிந்திக்கிறான், நிந்திப்பான் என்று எல்லாக் காலத்திலும் ஓடும். பாரசீக, உருது வார்த்தைகள் வந்தபோது இந்த ஆலையை நாம் ஓட்டவில்லை. ‘ஜப்தித்தான்’ என்று யாரும் சொல்லவில்லை. ஜப்தி செய்தான், தாக்கல் செய்தான். இங்கிலீஷ் வந்தபோதும் அதே கதை. டார்ச்சரித்தான் என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். வந்த வார்த்தையை அப்படியே நிறுத்திவைத்துப் பக்கத்தில் ‘பண்ணு’ என்று ஒரு கூலியாளை விட்டுவிடுகிறோம். காலம், ஆள், மரியாதை, எதிர்மறை எல்லாச் சுமையும் பண்ணுவின் தலையில். பண்றான், பண்ணாத, பண்ணாதீங்க, பண்ணிக்கினு கீறான். இங்கிலீஷ் வார்த்தை சும்மா நிற்கும், மாப்பிள்ளை மாதிரி.

அதனால்தான் அந்த வார்த்தை இங்கிலீஷில் என்ன சாதி என்பது நமக்குப் பொருட்டே இல்லை. டிஸ்டர்ப் அங்கே வினை. டென்ஷன் பெயர். ஒருவர் அப்செட்டாக இருக்கிறார் என்னும்போது அப்செட் பெயரடை. நம்மிடம் வந்தால் மூன்றும் ஒரே வரிசை: டிஸ்டர்ப் பண்ணினான், டென்ஷன் பண்ணினான், அப்செட் பண்ணினான். தானாக நடந்தால் ‘ஆகு’ போதும்: டென்ஷன் ஆயிட்டேன், அப்செட் ஆயிட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் இந்த வரிசையில் நிற்காது. போர். ‘போர் பண்ணுது’ என்று யாரும் சொல்வதில்லை. போர் அடிக்குது. வெயில் அடிக்குது, காற்று அடிக்குது, நாற்றம் அடிக்குது என்று சொல்கிற இடத்தில் கொண்டுபோய் அதை உட்கார வைத்துவிட்டோம். யார் மேலும் குற்றம் இல்லை, வானிலை அப்படி. வெயிலூர் என்று கிண்டலுக்கு ஆளாகிற ஊரில் மே மாதம் மத்தியானம் கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்தே அடிக்கும்.

பக்கத்தில் ஒரு வினை என்கிற இந்த ஏற்பாடு தமிழுக்கு மட்டும் உரியதில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேலூரை விட நல்ல ஊர் கிடையாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற தெருக்களில் லாட்ஜ்கள்தான் தொழில். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவதால் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து சாதாரணம். நண்பர் ஒருவருக்கு அங்கே ஒரு சின்ன லாட்ஜ். இரவுப் பணிக்காரர் வாணியம்பாடிப் பக்கம், வீட்டில் தக்கினி உருது. கூட்டிப் பெருக்குகிற அக்கா சித்தூர்க்காரர். ஆபரேஷன் முடிந்த ஒருவர் தூங்குகிற அறைக்கு வெளியே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினால் தாழ்வாரத்தில் ஒரே அதட்டல் நான்கு மொழியில் கேட்கும். நண்பர்: டிஸ்டர்ப் பண்ணாதீங்கப்பா. அக்கா: டிஸ்டர்ப் செய்யொத்து. இரவுப் பணிக்காரர்: டிஸ்டர்ப் நக்கோ கரோ. வங்காள அம்மா: டிஸ்டர்ப் கொரோ நா. நடுவில் நிற்கிற இங்கிலீஷ் வார்த்தை ஒன்றே. சுற்றியிருக்கிற ‘செய்’ மட்டும் அவரவர் வீட்டுச் சரக்கு.

அந்த வங்காள அம்மாவிடம் அவர்கள் மொழியிலேயே எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டதற்கு ‘பிரொக்தோ கொரோ நா’ என்றார். எழுதிக் காட்டச் சொன்னேன். விரக்த! சமஸ்கிருதத்தில் விரக்தன் என்றால் பற்று விட்டவன், கிட்டத்தட்டத் துறவி. அதே வேர் தமிழில் விரக்தியாகி, எதிலும் நம்பிக்கை இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆளைக் குறிக்கிறது. வங்காளத்தில் பக்கத்து அறையில் டிவி சத்தம் வைத்தால் வருவதே விரக்தம். கங்கைக் கரையில் எரிச்சல், பாலாற்றங்கரையில் நம்பிக்கையின்மை. ஊர் மாறினால் வார்த்தையின் எடை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, தமிழில் வார்த்தை இருக்கிறது என்றால் இங்கிலீஷ் எதற்கு? பந்தாவுக்கு என்று சிலர் சொல்வார்கள். மனு எழுதவந்த அந்த அம்மாவுக்கு என்ன பந்தா? எனக்குத் தோன்றுகிற காரணம் மரியாதை. ‘கடுப்பேத்தாத’ என்று தம்பியிடம் சொல்லலாம், கூடப் படித்தவனிடம் சொல்லலாம். அப்பாவிடம் ‘கடுப்பேத்தாதீங்கப்பா’ என்றால் ‘ங்க’ போட்டும் அது அடிக்கிறது. மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். எழுத்துத் தமிழில் எரிச்சலூட்டு என்று ஒரு வினை இருக்கிறது, நல்ல வினை. ஆனால் இதுவரைக்கும் யாரும் யாரையும் பார்த்து வாய்விட்டு ‘என்னை எரிச்சலூட்டாதே’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. பேச்சில் கடுமை இருக்கிறது, எழுத்தில் நாகரிகம் இருக்கிறது, நடுவில் ஒரு படி காணோம். அந்த இடத்தில் ‘டென்ஷன் பண்ணாதீங்கப்பா’ வந்து உட்கார்ந்துகொண்டது. மகள் சொல்வாள், அப்பா அதைக் கேட்டுக்கொண்டு பேப்பரைத் திருப்புவார். சண்டை வராது. இங்கிலீஷ் வார்த்தைக்கு நம் வீட்டில் தாத்தா பாட்டி இல்லை, பழைய நினைவு இல்லை. அதனால் சுடாது.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. ‘எனக்கு எரிச்சலா வருது’ என்கிற தமிழ் வாக்கியத்தில் குற்றவாளி கிடையாது. எரிச்சல் வந்தது, எனக்கு வந்தது, முடிந்தது. ‘நீ என்னை இரிடேட் பண்றே’ என்றால் விரல் ஒருவரை நோக்கி நீண்டுவிடுகிறது. இங்கிலீஷ் வினை அந்தப் பக்கத்து இலக்கணத்தையும் கூடவே கூட்டிவருகிறது: செய்தவன் யார், செய்யப்பட்டவன் யார் என்று இரண்டு பேரையும் நிறுத்தச் சொல்கிறது. மென்மையான வார்த்தை, ஆனால் நேரடியான குற்றச்சாட்டு. மெத்தைக்குள் ஊசி வைத்த மாதிரி.

இதில் வேடிக்கை, இங்கிலீஷிலும் ஆதியில் இப்படி இல்லை. எரிச்சலூட்டுவதற்கு அவர்கள் அதிகம் பயன்படுத்துகிற ‘அன்னாய்’ என்கிற வினை லத்தீனில் ‘மிஹி இன் ஓதியோ எஸ்ட்’ என்கிற தொடரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘மிஹி’ என்றால் எனக்கு. எனக்கு வெறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். நான்காம் வேற்றுமை போட்டு, யார் மேலும் பழி போடாமல், நம்மைப் போலவே சொல்லியிருக்கிறார்கள். பிற்பாடுதான் அது ஒருவன் இன்னொருவனுக்குச் செய்கிற காரியமாக ஆனது. டார்ச்சர் வேறு குடும்பம். லத்தீனில் முறுக்கு, திருகு என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. கை காலை முறுக்கி உண்மையை வாங்குகிற வேலைக்குப் பெயர் அது. என்ன கனமான பிறப்பு! ஐக்கிய நாடுகள் சபை 1984இல் ஒரு ஒப்பந்தமே போட்டிருக்கிறது அதற்கு எதிராக. இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அந்த டார்ச்சரும், ‘செல்லைக் குடுன்னு ஒரே டார்ச்சர்’ என்று தாய்மார்கள் மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற டார்ச்சரும் ஒரே வார்த்தை. பத்திரிகைக்காரர்கள் காவல் நிலையத்தில் நடந்தால் சித்திரவதை என்று எழுதுகிறார்கள். கனமான முனையைப் பழைய வார்த்தை பிடித்துக்கொண்டிருப்பதால் லேசான முனை டார்ச்சருக்கு வந்து சேர்ந்தது.

எல்லா வார்த்தையும் இப்படி இளைத்துப் போவதில்லை என்பதற்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரிப் பேச்சில் ஒரு உதாரணம் உண்டு. ‘அக்ரவேட்’ என்று ஒரு வினை. லத்தீனில் கனம் என்கிற சொல்லிலிருந்து பிறந்தது. பாரம் ஏற்றுதல், இருக்கிற கேட்டை இன்னும் கேடாக்குதல் என்பது அதன் பழைய பொருள். ஒருவரை எரிச்சலூட்டுவது என்கிற பொருளிலும் இங்கிலீஷ்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே அதைப் பயன்படுத்துகிறார்கள். நோயைத்தான் அக்ரவேட் பண்ணலாம், ஆளைப் பண்ணக்கூடாது என்று இலக்கணக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. வேலூரில் கேட்டிருக்கிறோம்! இங்கே ‘சுகர் இருக்கறதால புண்ணு அக்ரவேட் ஆயிடுச்சி’ என்று ஆட்டோக்காரர் வரைக்கும் சொல்வார். ‘என் தம்பி என்னை அக்ரவேட் பண்றான்’ என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த வார்த்தை நமக்குத் தெருவழியாக வரவில்லை, டாக்டர் வாய்வழியாக வந்தது. கொடுத்தவர் கொடுத்த எடையிலேயே வைத்திருக்கிறோம்.

இரிடேட்டுக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். இங்கிலீஷில் அது தோலுக்கும் மனசுக்கும் பொது, நம் எரிச்சல் மாதிரியே. ஆனால் தமிழ்ப் பேச்சுக்கு வந்தபோது தோலைக் கழற்றி வைத்துவிட்டு வந்தது. தோல் பதனிடுகிற தொழிற்சாலையில் ரசாயனத்தில் கை வைத்தவர் ‘கை எரியுது’ என்பார். சூப்பர்வைசர் அதட்டினால் ‘இரிடேட் ஆகுது’ என்பார். உடம்பு தமிழில், மனசு இங்கிலீஷில். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இந்தப் பாகப்பிரிவினையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

இதுவரைக்கும் சொன்னது வாய்ப்பேச்சு. இதே வகை வினை சட்டப் புத்தகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்பது வேறு கதை, அங்கே எடை ஏறிவிடுகிறது. 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் முழுக்க இந்த ‘அன்னாய்’ தூவிக் கிடக்கும். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது குற்றம் என்கிற 294ஆம் பிரிவில் ‘பிறருக்கு எரிச்சல் உண்டாகும்படி’ என்பது ஒரு நிபந்தனையாக இருந்தது. தமிழ்நாட்டில் வாய்த்தகராறு எதுவானாலும் முதல் தகவல் அறிக்கையில் முதலில் ஏறிய எண் அதுதான். 510ஆம் பிரிவு இன்னும் அழகு: குடித்துவிட்டுப் பொது இடத்தில் எவருக்காவது எரிச்சல் உண்டாக்கினால் 24 மணி நேரம் வரை சிறை அல்லது 10 ரூபாய் வரை அபராதம். அந்தப் பத்து ரூபாய் நூற்றறுபது வருஷம் அப்படியே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 355ஆம் பிரிவாகி ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கிறது. அல்லது சமூக சேவை செய்ய வேண்டும். தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் கலவரத்துக்கும் நாம் கேட்டுப் பழகிய 144 தடை உத்தரவின் வாசகத்திலும் இடையூறு, எரிச்சல், தீங்கு ஆகியவற்றைத் தடுப்பது என்றே இருந்தது.

யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்று கேட்காமலே இந்த வினை ஒன்றரை நூற்றாண்டு ஓடியது. கேள்வி பெரிதாக எழுந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில். கணினி வழியாக எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்குகிற செய்தி அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது அது. 2012இல் மும்பையின் கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியதற்கு ஒரு பெண்ணும் அதற்கு விருப்பம் தெரிவித்ததற்கு அவர் தோழியும் கைதானார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் அந்தப் பிரிவை ரத்து செய்தார்கள். ஒருவருக்கு எரிச்சலாக இருப்பது இன்னொருவருக்கு இருக்காது, அளவே இல்லாத வார்த்தையை வைத்து ஒருவனைச் சிறையில் போட முடியாது என்பது தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. மனு எழுதுபவர் அந்த அம்மாவிடம் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். டார்ச்சர்னா என்னம்மா?

சட்டத்தில் லேசான விஷயம் கனமாக எழுதப்பட்டது என்றால், எனக்கு உண்மையில் உறுத்துவது எதிர்ப்பக்கம், கனமான விஷயத்துக்கு லேசான பெயர். ‘டீஸ்’ என்றால் இங்கிலீஷில் செல்லமாகச் சீண்டுவது. கம்பளி நூலைக் கோதிப் பிரிப்பதுதான் அதன் பழைய பொருள். பஸ்ஸில் பெண்ணின் மேல் கைவைப்பதற்கும் பின்தொடர்ந்து போவதற்கும் நம் நாட்டில் இதை வைத்து ஈவ் டீசிங் என்று பெயர் கொடுத்தார்கள். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இதனால் உயிரை விட்ட பிறகு தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரே முதலில் ஈவ் டீசிங் தடைச் சட்டம். பின்னால்தான் பெண்களைத் துன்புறுத்துதல் தடைச் சட்டம் என்று பெயரைத் திருத்தினார்கள். ‘ராகிங்’கும் அப்படித்தான். அங்கே மாணவர்களின் கேலி விளையாட்டுக்குப் பெயர். இங்கே 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டு, 1997இல் தடைச் சட்டம் வந்தது. ஊரில் இன்னமும் ‘சீனியருங்க ராகிங் பண்ணாங்களா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்கிற மாமாக்கள் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுப்பது வார்த்தைதான். ஒருத்தி வேண்டாம் என்ற பிறகும் விடாமல் துரத்துகிறவனைப் பற்றி ‘காதல் டார்ச்சர்’ என்று தலைப்புப் போடுகிறார்களே, அதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு வருகிற எரிச்சலுக்கு இங்கிலீஷ் வார்த்தை போதாது. தமிழிலும் பாலியல் தொல்லை என்றுதான் எழுதுகிறோம். கொசுத் தொல்லை என்று எழுதுகிற அதே தொல்லை.

இங்கிலீஷை விரட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. டென்ஷன் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாளும் நகராது. வீட்டுக்குள் சுடாத வார்த்தை வேண்டியிருக்கிறது, இங்கிலீஷ் அதைத் தருகிறது. ஆனால் சுடாத வார்த்தையையே பிடித்துக்கொண்டு வெளியே வந்து நியாயம் கேட்கும்போது, கேட்கிறவர் காதில் அது மூன்று வயதுப் பிள்ளை செல்போன் கேட்ட டார்ச்சராகத்தான் விழுகிறது. மனு எழுதுகிறவர்கள் வாங்குகிற காசு எழுத்துக்கு என்று நினைத்திருந்தேன். இந்த எடையைச் சரிபார்ப்பதற்கும் சேர்த்துத்தான்.

அந்த அம்மாவின் மனு ஒருவழியாக முடிந்தது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 என்று மேலே பொருளில் எழுதி, அடியில் என்னென்ன நடந்தது என்று எண் போட்டிருந்தார். படித்துக் காட்டினார். ஒன்று, தினமும் காலையில் பத்திரத்தைக் கொண்டுவந்து முன்னால் வைப்பது. இரண்டு, ரேஷன் கார்டை எடுத்து வைத்துக்கொண்டது. மூன்று, கடந்த இரண்டு மாதமாகச் சர்க்கரை மாத்திரை வாங்கித் தராதது. நான்கு, சாப்பாடு போடாமல் விட்ட நாட்கள். டார்ச்சர் என்கிற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. மாத்திரை விஷயத்தை இவர் எப்போது அந்த அம்மாவின் வாயிலிருந்து வாங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை, நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த அம்மா இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி, தாளில் வைத்து, முந்தானை ஓரத்தில் துடைத்துக்கொண்டார். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்ததும் முகம் மாறிவிட்டது. அந்தப் பக்கம் சின்னப் பையன் குரல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. ஆயா எப்போ வரே, எனக்கு ஐஸ் வேணும். மனுவில் இருக்கிற அந்தப் பிள்ளையின் மகன்தான் போலிருக்கிறது.

“சரிடா, சரிடா. இப்பத்தானே காலைல வந்தேன். சும்மா போன் பண்ணி டார்ச்சர் பண்ணாத. வாங்கினு வர்றேன்.”